சிதம்பரத்துச் சாமியின் பெயர்

ஆஸ்பத்திரியில் மூக்குக் கண்ணாடி தொலைவதைப் போல வேறு எதுவும் தொலைவதில்லை. பல்செட் கூடப் பரவாயில்லை, தண்ணீர் டம்ளருக்குள் கிடக்கும், யார் கண்ணிலாவது பட்டுவிடும். கண்ணாடி போர்வையோடு சுருட்டிக்கொண்டு சலவைக்குப் போய்விடும், இல்லாவிட்டால் தள்ளுவண்டிச் சக்கரத்தில் நசுங்கும். என் வேலைக்காலத்தில் கண்ணாடிக்காகவே எத்தனையோ குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். ஆகவே சபாபதியின் கண்ணாடியைக் காணோம் என்றபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விசாரிக்க வந்த நீங்கள் தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள், நன்றி. என் பெயர் தங்கமணி. இந்த ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வில் சிஸ்டர். புது நர்சுகளுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் பொறுப்பு. சபாபதி தெளிந்த புத்தியோடு பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டியவர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் ஏன் திரும்பவில்லை என்பதைத்தான் கேட்கிறீர்கள். என்னைவிட அதை விளக்கமாகச் சொல்லக்கூடியவர் இங்கே யாரும் இல்லை.

முதலில் அந்த நோயைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய ஆபரேஷன் முடிந்து, மூச்சுக்குழாய் மாட்டி, ஐ.சி.யூ.வில் கிடப்பவர்களில் பலருக்குப் புத்தி தடுமாறும். டெலிரியம் என்பது டாக்டர்களின் சொல். எங்கள் ஆட்கள் காற்று கருப்பு அடித்துவிட்டது என்பார்கள், மந்திரித்த கயிறு கொண்டுவந்து கையில் கட்டுவார்கள். நர்சுகளும் கயிறு கட்டுவார்கள், அது வேறு கயிறு. கட்டிலோடு சேர்த்துக் கட்டுவார்கள்.

நானும் கட்டியிருக்கிறேன். பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வருடம், சாலாக் செலாத்தானைச் சேர்ந்த ஒரு லோரி டிரைவர். குழாயைப் பிடுங்குகிறார் என்று என்னைத்தான் கட்டச் சொன்னார்கள். "கண்ணைக் கட்டிக் காட்டுல வுட்ட மாதிரி இருக்கு தங்கச்சி, நான் எங்க இருக்கேன்னு மட்டும் சொல்லு" என்று கெஞ்சினார். பேச்சுக் கொடுக்கக்கூடாது என்பது அன்றைய சட்டம். நான் பேசவில்லை. கை கட்டப்பட்டபடியே அவர் இறந்துபோனார். அன்றைக்கு நான் அழுதேன், அதை மறைக்க வேண்டியதில்லை. இனி ஒரு நோயாளியும் இப்படிப் போகக்கூடாது என்று நினைத்துத்தான் இந்தப் பாடத்தையே உண்டாக்கினேன். என் நோக்கத்தைப் பற்றி யாராவது தவறாகப் பேசினால் இதை அவர்களிடம் சொல்லுங்கள்.

பாடம் எளிமையானது. நோயாளிக்குக் கண்ணாடியை மாட்டு, பல்செட்டைப் போடு. கண்ணில் படும்படி ஒரு கடிகாரம் வை. சன்னலோரம் படுக்க வை, தூங்க விடு. முகத்துக்கு நேராக நின்று, குரலைத் தணித்து, பெயரைச் சொல்லிக் கூப்பிடு. இது ஆஸ்பத்திரி, இன்றைக்கு இன்ன கிழமை, நான் இன்னார் என்று சொல். சொந்தக்காரரைப் பக்கத்தில் உட்கார வை. எதற்கும் எதிர்வாதம் பண்ணாதே. பத்துக் காசு செலவில்லாத வைத்தியம்.

ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? வகுப்பில் ஒருத்தியை நோயாளியாக நடிக்கச் சொன்னால் அவள் கண்ணை உருட்டுவாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். கோமதி என்று ஒரு பெண், கிள்ளான்காரி, வேலைக்குப் புதியவள், கெட்டிக்காரி. அவளே ஒருநாள் கேட்டாள்: "சிஸ்டர், பேரைச் சொல்லிக் கூப்பிட்டா மண்டை தெளிஞ்சிருமா? ஊசி போட்டா ஈசி லா." தலையாட்டிவிட்டு வார்டுக்குப் போய்க் கயிற்றைத்தான் எடுத்தார்கள். கண்ணால் பார்க்காத வரை யாரும் எதையும் நம்புவதில்லை.

அந்த நேரத்தில்தான் என் பாடத்தைப் பார்வையிட ஒரு குழு வருவதாக மேட்ரன் ரோஹானி சொன்னார். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றிலும் இதையே சொல்லிக்கொடுப்பார்களாம். குழம்பிக் கிடக்கும் ஒரு நோயாளி அவர்கள் கண்ணெதிரில் தெளிந்து காட்ட வேண்டும் என்று நான் விரும்பினேன். எத்தனை பேருடைய கைக்கட்டு அதனால் அவிழும் என்று யோசித்துப் பாருங்கள்.

சபாபதி அந்த வாரம்தான் வந்து சேர்ந்தார். ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் கூட்டத்துக்கு மண்டோராக, அதாவது மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். குடலில் ஓட்டை விழுந்து, சீழ் பரவி, கடைசி நேரத்தில் கொண்டுவந்திருந்தார்கள். மனைவி மாரியாயி கூட வந்தார். பதட்டத்தில் அடையாள அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டார். பெயர் பதியும் இடத்தில் கணவர் பெயர் என்ன என்று கேட்டதற்கு அந்த அம்மாள் வாயைத் திறக்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டபின், "சிதம்பரத்துல ஆடுற சாமி பேரு" என்றார். மலாய்க் குமாஸ்தா என்ன செய்வான் பாவம். கோமதிதான் புரிந்துகொண்டு சபாபதி என்று எழுதச் சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். மாரியாயியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மூச்சுக்குழாயை எடுத்ததும் சபாபதிக்குப் புத்தி தடுமாறியது. கட்டில்களுக்கு நடுவில் தண்டவாளம் ஓடுகிறது என்றார். "லைன்ல யாருடா நிக்கிறது? வண்டி வருது, எறங்குங்கடா!" என்று நர்சுகளை விரட்டினார். என் பாடத்தின்படியே எல்லாம் செய்தோம். எங்கள் ஐ.சி.யூ.வின் சன்னலுக்குப் பின்னால் கிள்ளான் ரயில் பாதை போகிறது. சன்னலோரம் படுக்க வைத்ததும் ரயில் சத்தத்தை வைத்தே அவருக்கு நேரம் பிடிபட ஆரம்பித்தது. ஆனால் பெயரைச் சொல்லி நாங்கள் எவ்வளவு கூப்பிட்டும் அவர் திரும்பவே இல்லை. வேலையிடத்தில் அவர் மண்டோர், பிள்ளைகளுக்கு அப்பா. சபாபதி என்று யாரோ கூப்பிட்டே பல காலம் ஆகியிருக்கும். மாரியாயி வந்து கட்டில் பக்கத்தில் நின்று, "ஏங்க, இங்க பாருங்க" என்றார். சட்டென்று திரும்பினார். "கஞ்சி கொண்டாந்தியா?" என்று கேட்டார். கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாடம் அவளுக்கு அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

குழு மட்டும் அந்த வாரமே வந்திருந்தால் உங்களுக்கும் எனக்கும் இன்று பேச எதுவும் இருந்திருக்காது. தலைவருக்கு ஈப்போவில் வேலை நீண்டுவிட்டதாம், அடுத்த வியாழக்கிழமைக்குத் தள்ளிப்போட்டார்கள். அதற்குள் சபாபதி முழுக்கத் தேறிவிட்டார். எழுந்து உட்கார்ந்து மைலோ குடித்தார், கோமதிக்கு எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று பாடம் நடத்தினார். டாக்டர் ராதாகிருஷ்ணன் அவரைச் சாதாரண வார்டுக்கு அனுப்பலாம் என்றார். இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே டாக்டர் என்றேன். என் பேச்சுக்கு அவர் மறுபேச்சுப் பேசியதில்லை.

வேறு குழம்பிய நோயாளி யாரும் அப்போது இல்லை. இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் அவருக்குக் கெடுதல் எதுவும் கொடுக்கவில்லை. கொடுத்ததைத் திரும்ப எடுத்தேன், அவ்வளவுதான். சன்னலோரக் கட்டில் வேறொருவருக்கு வேண்டும் என்று அவரை உள்பக்க மூலைக்கு மாற்றினேன். அங்கே ரயில் சத்தம் கேட்காது. கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றுவதாகச் சொல்லிக் கழற்றினேன். துடைத்துத் தருகிறேன் என்று கண்ணாடியை வாங்கி என் மேசை டிராயரில் வைத்தேன். பல்செட்டையும் அதன் பக்கத்திலேயே வைத்தேன். ரத்த அழுத்தத்தை அடிக்கடி பார்க்கச் சொன்னேன், அதனால் அவர் கண்ணயர முடியவில்லை. விளக்கை அணைக்க வேண்டாம் என்றேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் எந்த ஐ.சி.யூ.விலும் நடப்பதுதான்.

மாரியாயிதான் இடைஞ்சலாக இருந்தார். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து மினி பஸ் பிடித்துத் தூக்குச்சட்டியோடு வந்துவிடுவார். அவர் ஒரு "ஏங்க" சொன்னால் நான் அதுவரை செய்ததெல்லாம் கலைந்துபோகும். ஆகவே புதிதாக ஒரு விதி வைத்தேன். நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் மட்டும் உள்ளே வரலாம், அதுதான் சிகிச்சை என்று சொன்னேன். பாடத்தில் உள்ளதைத்தான் சொன்னேன்.

"ஐயோ சிஸ்டரம்மா, அவங்க பேரை நான் எப்படிச் சொல்லுவேன்? கட்டுனவங்க பேரைச் சொன்னா அவங்க ஆயுசு குறைஞ்சிரும்னு சொல்லுவாங்கம்மா."

"அதெல்லாம் மூடநம்பிக்கை, அம்மா. பேரைச் சொன்னாத்தான் அவருக்குப் புத்தி தெளியும். சொல்ல முடியலைன்னா வெளியவே இருங்க. சரியானதும் நானே கூப்பிடுறேன்."

எனக்குத் திருமணம் ஆகவில்லை. ஒரு பெயரைச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியவில்லை. ஓரிரு நாளில் வழிக்கு வந்துவிடுவார் என்றோ, வராவிட்டால் இன்னும் வசதி என்றோ நினைத்தேன். மாரியாயி வெளியே பெஞ்சில், மடியில் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்துகொண்டார். நான் கடந்துபோகும்போதெல்லாம் எழுந்து நின்று கும்பிடுவார். "நீங்க பாத்துக்கிறீங்கன்னுதாம்மா நான் தைரியமா இருக்கேன்" என்பார்.

உள்ளே சபாபதி முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தை விரல் தேடும். "கண்ணாடியைக் குடுங்கம்மா. அந்தப் பெரிய சிஸ்டர்தான் எடுத்தாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பல் இல்லாததால் பாதி வார்த்தை காற்றாகப் போய்விடும். எதிர்வாதம் பண்ணக்கூடாது என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தபடி, பெண்களும் இதமாக, "தேடிக்கிட்டு இருக்கோம் அங்கிள், கிடைச்சிரும்" என்றார்கள். நன்றாகப் பயிற்சி பெற்ற பெண்கள். அப்புறம் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். மூலையில் தண்டவாளம் மறுபடி ஓட ஆரம்பித்தது.

ஊசி எதுவும் கொடுத்தேனா என்று கேட்பீர்கள். அமைதியில்லாமல் இருந்தால் மட்டும் கொடுக்கலாம் என்று டாக்டர் ராதாகிருஷ்ணன் ஆரம்பத்திலேயே ஒரு தூக்க ஊசி எழுதியிருந்தார். அமைதி இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டியது சிஸ்டர். பகலில் கொடுத்தேன். பகலில் கொடுத்தால் இரவு பகல் மாறிப்போகும். கெடுதல் எதுவும் கொடுக்கவில்லை என்று முன்பு சொன்னேன். அந்த ஊசியை நான் கெடுதலில் சேர்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கோமதி என் மேசைக்கு வந்தாள்.

"சிஸ்டர், அங்கிளோட கண்ணாடி ஒங்க டிராயர்ல இருக்கு. பல்லும் இருக்கு."

"தெரியும்."

"எடுத்துக் குடுக்கவா?"

"வியாழக்கிழமை குடுக்கலாம்."

அவள் போகாமல் நின்றாள். "பாவமா இருக்கு சிஸ்டர். நான் பக்கத்துல போனாலே கையைப் புடிச்சுக்கிறாரு, விட மாட்டேங்கிறாரு" என்றாள். அவளை வேலையில் நிரந்தரமாக்க என் கையெழுத்து வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது அவளுக்கே தெரியும். டிராயரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டாள். இப்போது உங்களிடம் வந்து சொன்னதும் அவள்தான். எனக்கு அவள் மேல் கோபமில்லை. அவளைப் போலப் பாடத்தைக் கற்றுக்கொண்டவள் யாரும் இல்லை.

வியாழக்கிழமை குழு வந்தது. மலாய்க்காரர்கள், சீனர்கள், தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. டாக்டர் ராதாகிருஷ்ணன் அறுவை அறையில் இருந்தார். முதலில் சபாபதி இருந்த நிலையைக் காட்டினேன். போர்வையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்து முனகிக்கொண்டிருந்தார். தலைவர் முகம் வாடிவிட்டது. பிறகு ஆரம்பித்தேன். கட்டிலைச் சன்னலோரம் தள்ளச் சொன்னேன். கடிகாரம் வந்தது. பல்செட்டைப் பொருத்தினேன். கண்ணாடியைத் துடைத்து நானே மாட்டிவிட்டேன். முகத்துக்கு நேராக நின்று, "மிஸ்டர் சபாபதி" என்றேன். அவர் என்னைப் பார்த்ததும் தலையைத் தலையணைக்குள் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வேறெதுவும் இல்லை. போன தடவை இந்தக் கட்டத்துக்குள் பாதி தெளிந்திருந்தார்.

மாரியாயியைக் கூப்பிட்டேன். அவர் ஓடிவந்து, "ஏங்க, இங்க பாருங்க" என்றார். தொண்டை கட்டியிருந்தது, பெஞ்சில் அழுதிருப்பார். சபாபதி திரும்பவில்லை. மறுபடி சொன்னார். ஊசியின் கனம் இன்னும் இறங்கவில்லை என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்திருந்தால் ஒருவேளை திரும்பியிருப்பார். ஆனால் குழு நின்றுகொண்டிருந்தது.

மாரியாயி என்னைப் பார்த்தார். "பேரைச் சொன்னா வந்துருவாங்களா சிஸ்டரம்மா?"

"வந்துருவாரு" என்றேன்.

முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குனிந்து, அவர் முகத்துக்கு நேராக, "சபாபதி" என்றார். கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத பெயர். கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருந்து நர்சுகள் பேசுவதைக் கேட்டிருப்பார் போல, அதே மாதிரி மீதியையும் சொன்னார்: "சபாபதி, இது ஆஸ்பத்திரி. இன்னைக்கு வியாழக்கிழமை. நான் மாரியாயி."

இந்த முறை அவர் திரும்பினார். கண்ணாடிக்குள்ளிருந்து மனைவியை மேலும் கீழும் பார்த்தார். வார்த்தை தெளிவாக வந்தது.

"நீ யாரும்மா? என் சம்சாரம் என் பேரைச் சொல்ல மாட்டா."

"ஏங்க, நான்தாங்க…"

"எல்லாரும் சேந்து ஏமாத்துறீங்க. எம் பொண்டாட்டி வெளிய உக்காந்திருப்பா. அவளைக் கூப்புடு."

சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாரியாயி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

சபாபதி என்ன சொன்னார் என்று தலைவர் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். மனைவியைக் கூப்பிடுகிறார் என்றேன். அது பொய்யில்லை. அடையாளம் கண்டுகொண்டாரா என்றார். ஆமாம் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், சோறு பரிமாறுகிறவர் தமிழ் தெரிந்தவராக இருந்து, சாப்பிடுகிறவர்களுக்குத் தமிழ் தெரியாமல் இருந்தால் மறைக்கலாம். "பாகுஸ்" என்று மலாயில் பாராட்டி மெல்லக் கைதட்டினார்கள். மேட்ரன் ரோஹானி என் தோளைத் தட்டிக்கொடுத்தார். கோமதி மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள்.

அதன்பிறகு சபாபதி மாரியாயி கையால் ஒரு வாய் கஞ்சி வாங்கவில்லை. "என் சம்சாரம் வந்து குடுக்கட்டும்" என்பார். அந்த அம்மாள் "ஏங்க" என்று எத்தனை முறை சொல்லியும் பயனில்லை, யாரோ சொல்லிக்கொடுத்து நடிக்கிறாள் என்றே நினைத்தார். கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளையே வரச்சொல்லி எங்களைக் கெஞ்சுவார். எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டியது, காய்ச்சல் வந்தது, மறுபடி குழாய் போட நேரமில்லாமல் போயிற்று. கடைசி வரை மனைவி வரவில்லை என்ற நினைப்போடுதான் போனார்.

மாரியாயி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான்தாம்மா கொன்னுட்டேன். வாயைத் தொறந்து பேரைச் சொல்லி, அவங்க ஆயுசை நானே எடுத்துட்டேன்" என்றார். கையை விடுவித்துக்கொண்டு, போய் முகம் கழுவுங்கள் என்றேன். பிரிக்ஃபீல்ட்ஸில் பார்க்கிறவர்களிடமெல்லாம் இப்போதும் அதையே சொல்லிக்கொண்டு, சாப்பிடாமல் கிடக்கிறாராம். கோமதி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகுதான் உங்களிடம் வந்திருக்கிறாள்.

எனவே எழுதிக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்வதால் யாரும் சாவதில்லை. தேறிவிட்ட மனிதரைத் திரும்பக் குழப்பியது நான். கண்ணாடியை எடுத்தது, தூக்கத்தைக் கெடுத்தது, ஊசி போட்டது, மனைவியைப் பெஞ்சில் உட்கார வைத்தது, சொல்லாத பெயரைச் சொல்ல வைத்தது எல்லாம் நான். சபாபதி என்னால்தான் செத்தார். மாரியாயியிடம் இதை யாராவது போய்ச் சொல்ல வேண்டும். நான் போக முடியாது, அடுத்த வாரம் புது நர்சுகள் வருகிறார்கள்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பொண்டாட்டி பேரைச் சொல்ல மாட்டாள் என்று அவ்வளவு சரியாகக் காரணம் சொன்னவர் எப்படிக் குழம்பியவராக இருக்க முடியும்? என் கணக்கில் அந்த வியாழக்கிழமை அவர் தெளிந்துவிட்டார். வகுப்பில் அப்படித்தான் சொல்லப்போகிறேன். அடுத்த தடவை மட்டும் மனைவியை "ஏங்க" என்றே கூப்பிட விடுவேன்.